ஜப்பானில் மொழி ஆசிரியர்கள் முன் பேசப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர்ப் பொதுமண்டபத்தில் ஓர் அறை. ஜப்பான் மொழி கற்பித்தல் சங்கமான ஜால்ட்டின் கிளைக் கூட்டங்களில் பல இப்படிப்பட்ட அறைகளில்தான் நடக்கின்றன. பேச வந்தவர் முதல் ஸ்லைடைப் போடுகிறார்: ஆய்வுப் பின்னணி. அடுத்ததும் ஆய்வுப் பின்னணி, தொடர்ச்சி. பத்தாவது ஸ்லைடு வரைக்கும் வகுப்பறை பக்கமே அவர் வரவில்லை. இந்த மாதிரி உரைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். நான் முதலில் பேசியபோது நானும் இதைத்தான் செய்தேன்.

எதிரே இருப்பவர்கள் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடியின் 2018 ஆய்வில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் வேலை வாரத்துக்கு 56 மணி நேரம். கலந்துகொண்ட நாடுகளிலேயே அதுதான் அதிகம். 'புகாட்சு' என்கிற விளையாட்டு, இசைப் பயிற்சிகளுக்காகச் சனி ஞாயிறும் பள்ளிக்குப் போகிறவர்கள் பலர். அப்படிப்பட்டவர் ஒரு மதியத்தை ஒதுக்கி வருகிறார் என்றால், திங்கட்கிழமை வகுப்புக்கு எடுத்துப்போக ஏதாவது கிடைக்கும் என்றுதான் வருகிறார். கோட்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பயிற்சியைச் செய்து காட்டுங்கள், அது ஏன் பலன் தருகிறது என்பதை அப்புறம் சொல்லுங்கள். அப்போது கோட்பாட்டையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தன் வகுப்பைப் போலத்தான் எல்லார் வகுப்பும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது இன்னொரு தவறு. பல்கலைக்கழகத்தில் 20 மாணவர்களை வைத்து 90 நிமிடம் நடத்துகிற பயிற்சியை, 40 பேர் வரை இருக்கிற நடுநிலைப் பள்ளி வகுப்பின் 50 நிமிடத்துக்குள் அடக்க முடியாது. 'பாடநூலை மூடி வையுங்கள்' என்று சொல்லியும் பயனில்லை. கல்வி அமைச்சகத்தின் ஒப்புதல் பெற்ற பாடநூலைப் பள்ளிகள் பயன்படுத்தியாக வேண்டும்; சட்டம் அப்படி. தொடக்கப் பள்ளியில் நிலைமை இன்னும் வேறு. 2020 ஏப்ரலிலிருந்து 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. பல பள்ளிகளில் கணக்கு எடுக்கிற அதே வகுப்பாசிரியர்தான் ஆங்கிலமும் எடுக்கிறார். அவர் முன்னால் படபடவென்று ஆங்கிலத்தில் பேசி, போதாததற்கு உச்சரிப்பு அறிவுரையும் சொன்னால், இருக்கிற தைரியமும் போய்விடும். நிதானமாகப் பேசுங்கள். முக்கியமான படிகளை ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். (வகுப்பில் கொடுக்கும் தாளை அவர்கள் 'புரின்ட்டோ' என்பார்கள். நம் பிரிண்ட்தான்.)

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, 'ஜப்பானிய மாணவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்' என்று தொடங்குகிற உரை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அந்த மாணவர்களாக இருந்தவர்கள். சக ஆசிரியர்கள் வகுப்பின் பின்னால் நின்று பாடத்தைக் கவனித்து, பிறகு ஒன்றாக உட்கார்ந்து அலசுகிற 'ஜுக்யோ கென்க்யூ' இந்த நாட்டில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. வகுப்பைக் கூர்ந்து பார்க்க அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. மாணவர்களின் முகமோ பெயரோ தெரிகிற படங்களையும் போடாதீர்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டை மூலையில் தெரிந்தால்கூட அறையில் ஒரு சங்கடம் பரவும்.

அப்புறம், கேள்வி நேரம். "ஏதாவது கேள்வி உண்டா?" என்று பேசியவர் கேட்பார், ஐந்து விநாடி பார்ப்பார், "சரி, நன்றி" என்று முடித்துவிடுவார். இந்த இடத்தில்தான் உரை வீணாகிறது. எல்லார் முன்னாலும் கை தூக்கினால் பேசியவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ, மற்றவர்களின் நேரம் போய்விடுமோ, ஆங்கிலம் தப்பாக வந்துவிடுமோ என்று பலருக்குத் தயக்கம். கேள்வி இல்லாததால் வந்த அமைதி இல்லை அது. இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுங்கள், ஜப்பானிய மொழியிலும் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு சின்னச் சீட்டுக் கொடுத்து எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. பெயர் எழுதத் தேவையில்லை என்றால் மனம்விட்டு எழுதுவார்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அதனால் உங்களுக்கு 60 நிமிடம் கொடுத்திருந்தால் 45 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். மண்டபத்தைக் குறித்த நேரத்தில் காலி செய்ய வேண்டும்; நாற்காலிகளை மடக்கி அடுக்குவதும் வந்தவர்கள் வேலைதான். பேசி முடித்ததும் மடிக்கணினியை மூடிக்கொண்டு ரயிலுக்கு ஓடாமல் நீங்களும் கூடச் சேர்ந்து தூக்குங்கள். ஒருமுறை நான் அப்படித் தூக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டம் முழுக்க வாய் திறக்காமல் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நோட்டுப்புத்தகத்தோடு பக்கத்தில் வந்தார். பென்சிலால் நான்கு கேள்விகள், எண் போட்டு எழுதியிருந்தார். முதல் கேள்வி: "இந்த ஜோடிப் பயிற்சியில் 37 பேர் இருந்தால், மிச்சமாகிற ஒரு பிள்ளை யாரோடு பேசும்?" என் ஸ்லைடு எதிலும் அதற்குப் பதில் இல்லை. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, மூன்று பேர் குழு ஒன்றை நோட்டில் வரைந்து பார்த்தோம்.