பெரிய ஏபிசிடி எங்கே வரும்? பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் விதம்

தமிழில் கவினுக்கும் ‘க’தான், கத்தரிக்காய்க்கும் ‘க’தான். பெயருக்கென்று தனி எழுத்து கிடையாது. அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு உருவம் என்பதே வேண்டாத வேலையாகத்தான் படும். ‘எதுக்கு டீச்சர் ரெண்டு?’ என்று கேட்டால் அதட்டாதீர்கள், நியாயமான கேள்வி.

வீட்டில் பெரும்பாலும் பெரிய ஏபிசிடியைத்தான் முதலில் பழக்கி அனுப்புகிறார்கள். நேர்க்கோடுகள் அதிகம், பிள்ளைக்கு எழுத வரும், சரி. ஆனால் பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அநேகமாக எல்லாமே சின்ன எழுத்து. கடை போர்டிலும், அப்பா நிரப்பும் விண்ணப்பத்திலும் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை தன் பெயரையும் அப்படியே எழுதும். பள்ளிக்கு வருமுன் பெயரை முதல் எழுத்து பெரிதாகவும் மற்றவை சின்னதாகவும் எழுதப் பழக்குங்கள், பாதி வேலை முடிந்தது.

நாலு கோடு நோட்டு இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பெரிய எழுத்து மேல் சிவப்புக் கோட்டில் தொடங்கி இரண்டாவது நீலக் கோட்டில் நிற்கும். சி, ஓ, எஸ், இசட் மாதிரி எழுத்துகளுக்கு இரண்டும் ஒரே உருவம், உயரம்தான் வித்தியாசம். கோடில்லாத தாளில் பிள்ளை எதை எழுதியது என்று நமக்கே தெரியாது.

முதல் விதி, பெயர். ‘பெயர்ச்சொல்’ என்று இலக்கணம் பேசினால் பிள்ளை தொலைந்தது. என் வகுப்பில் ஒரு பையன், ‘டாக்னா எங்க வீட்டு நாய்தானே டீச்சர், பெரிய எழுத்து போடலாம்ல?’ என்றான்.

‘டாக்னு கூப்பிட்டா தெருவுல எது வரும்?’

‘எதுவும் வராது டீச்சர்.’

‘மணின்னு கூப்பிட்டா?’

‘எங்க மணி மட்டும் ஓடி வரும்!’

‘அப்போ மணிக்குத்தான் பெரிய எழுத்து.’

அப்புறம் ஆறு, காவிரி. ஊர், திருவாரூர் என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி விளையாடலாம். தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம், சின்ன வட்டம் போட்டுவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்லக் குதிக்க விடுங்கள். இனிஷியலை மறக்க வேண்டாம். அதுவும் பெரிய எழுத்துதான், பக்கத்தில் ஒரு புள்ளி.

இரண்டாவது, வாக்கியத்தின் தொடக்கம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் வரிக்கு ஒரு வாக்கியமாகவே இருப்பதால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பெரிய எழுத்து என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். இரண்டு சின்ன வாக்கியங்களை ஒரே வரியில் எழுதிக் காட்டுங்கள். முற்றுப்புள்ளியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அதற்கு அடுத்த எழுத்தைத் தொடச் சொல்லுங்கள்.

‘நான்’ என்று பொருள்படும் ஐ எங்கே வந்தாலும் பெரிதுதான். காரணம் சொல்லத் தேவையில்லை, மனப்பாடம் போதும். கிழமை, மாதம், பண்டிகைப் பெயர்களும் அப்படியே.

வார்த்தையின் நடுவில் பெரிய எழுத்து வந்தால் உடனே திட்டாமல், எந்த எழுத்து என்று பாருங்கள். பேட் (bat), டாக் (dog) இரண்டுக்கும் முதலில் வருகிற சின்ன எழுத்துகள் பல பிள்ளைகளுக்கு இடவலமாகக் குழம்பும். குழப்பம் வராத பெரிய எழுத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான் அது! அந்தப் பிள்ளைக்கு விதியை இன்னொரு முறை சொல்லிப் பயனில்லை, அந்த இரண்டு சின்ன எழுத்துகளைத் தனித்தனி நாளில் எழுதிப் பழக்க வேண்டும்.

திருத்தும்போது அந்த வாரம் சொல்லித்தந்த விதியை மட்டும் திருத்துங்கள். பெயர் நடத்துகிற வாரத்தில் வாக்கியத் தொடக்கம் தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை தெரிந்தால் பிள்ளை அடுத்த பக்கத்தைத் திறக்கவே தயங்கும். பயிற்சி தாளில்தான் நடக்க வேண்டும், போனில் வேண்டாம். அது தானாகவே பெரிய எழுத்தைப் போட்டுவிடும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் கால அட்டவணையைக் கொண்டு ஒரு சோதனை வைக்கலாம். மேத்ஸ், சயின்ஸ் வாக்கியத்தின் நடுவில் வந்தால் சின்ன எழுத்து; தமிழ், இங்கிலீஷ் மொழிப் பெயர்கள் என்பதால் பெரிய எழுத்து. ‘எனக்குப் பிடித்த பாடம்’ என்று ஒரு வரி எழுதச் சொன்னால், யாருக்குப் புரிந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.