வேளாங்கண்ணிக்கு ஒரே நாளில் போய் வர

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து போகிறீர்களா? விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். நாகப்பட்டினம் வரை பஸ்ஸோ ரயிலோ, அங்கிருந்து வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர்தான், டவுன் பஸ் கிடைக்கும்.

முதலில் நாள் பாருங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. இந்த நாட்களில் பல ஊர்களிலிருந்து காவி உடுத்தி நடந்தே வருகிறார்கள், அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதே ஒரு பாக்கியம், ஆனால் கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் ஒரு நாளில் போய்த் திரும்ப அது சரிப்படாது. சாதாரண வாரநாள்தான் என் தேர்வு.

போனதும் பேராலயத்தில் திருப்பலி பாருங்கள். அப்புறம் நடுத்திட்டு, மாதா குளம். நடக்க முடியாத மோர் விற்கும் பையனுக்கு மாதா காட்சி தந்த இடம் நடுத்திட்டு, பால் கொண்டுபோன சிறுவனுக்குக் காட்சி தந்த இடம் குளம் என்பது நம்பிக்கை. குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிலேயே போகிறவர்களைப் பார்ப்பீர்கள். உங்களுக்கும் அந்த நேர்ச்சை இருந்தால் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், மதியம் மணல் கொதிக்கும். மொட்டை போடுவதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். குணமான உறுப்பின் உருவம், தொட்டில், நன்றிக் கடிதம் என ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது, எனக்கு அங்கே நிற்கும்போது பேச்சே வராது.

கடற்கரை சாயங்காலம். கால் நனைத்தால் போதும், அலை இழுக்கும், குழந்தைகள் கையை விடாதீர்கள்.