வைக்கோல் பிளாக்கில் சுவர் கட்டும்போது எங்கே சறுக்குகிறோம்?

நெற்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரி (கார்பன்) வைக்கோலில்தான் இருக்கிறது. வயலிலேயே எரித்தால் அன்றைக்கே காற்றுக்குத் திரும்பிவிடும். சுண்ணாம்போடு பிசைந்து பிளாக்காக்கிச் சுவரில் வைத்தால், சுவர் நிற்கும்வரை உள்ளேயே கிடக்கும். கரும்புச் சக்கை, சணல் தண்டு பிளாக்குகளுக்கும் இதே கதைதான். சிக்கல் கட்டும்போது வருகிறது.

முதல் தவறு, உமிச் சாம்பல் கலந்த கல்லையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது. உமி எரிந்தபோதே அதிலிருந்த கரி பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சுவது சிலிக்கா. சிமெண்டைக் குறைக்க அது உதவும், நல்ல பொருள்தான். ஆனால் அது கரியைச் சேமிக்கிறது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அடுத்தது, வைக்கோலை மட்டும் கணக்கில் வைத்துவிட்டு அதை ஒட்டவைக்கும் பொருளை மறப்பது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலில் சுமார் 400 கிராம் கரி இருக்கும். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. சிமெண்ட் ஒரு கிலோ தயாரிக்கவே முக்கால் கிலோவுக்குக் குறையாமல் வெளியேறலாம். அப்படியென்றால் ஒரு கிலோ வைக்கோலுக்கு இரண்டு கிலோ சிமெண்ட் போட்ட பிளாக்கில் கரிக் கணக்கில் லாபம் ஏறக்குறைய பூஜ்யம். சுண்ணாம்பைச் சுடும்போதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆனால் இறுகும்போது சுண்ணாம்பு அதில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். பிளாக் வாங்கும்போது விலைக்கு முன்னால் கலவை விகிதத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிற இடத்தில் வாங்க வேண்டாம் என்பேன்.

சக்கையை ஆலையிலிருந்து வந்தபடியே சிமெண்டில் கொட்டுவதும் நடக்கிறது. சக்கையில் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரையே சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தப் போதும். ‘அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டியும் கடுக்காயும் ஊற்றினார்களே’ என்று கேட்பார்கள். ஊற்றினார்கள்தான். சுண்ணாம்பு இறுகும் விதம் வேறு, சிமெண்ட் இறுகும் விதம் வேறு. கழுவி, ஊறவைத்து, காயவைத்த பிறகே சக்கையைக் கலக்க வேண்டும். இன்னொன்று: நம் சர்க்கரை ஆலைகளில் சக்கை வெறும் குப்பை கிடையாது, கொதிகலனுக்கு அதுதான் எரிபொருள். டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீவனம். பஞ்சாபில் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோலுக்குப் பொருந்தும் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

இந்த பிளாக்கின் மேல் மாடியை ஏற்றுவதுதான் ஆபத்தான தவறு. சுண்ணாம்பில் பிசைந்த லேசான பிளாக்குகள் பல, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன்கூடத் தாங்காது. இந்தியத் தரநிலையில் சாதாரணச் செங்கலுக்கே குறைந்தபட்ச வலிமை 3.5. எனவே எடையைத் தூணும் பீமும் தாங்கட்டும், பிளாக் இடைவெளியை மட்டும் அடைக்கட்டும். 2021இல் ஐஐடி ஹைதராபாத் வளாகத்தில் உயிரிச் செங்கலால் (பயிர்க் கழிவில் செய்த கல்) காவலாளி அறை கட்டியபோதும் உலோகச் சட்டகம்தான் போட்டார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ஈரத்தைப் பற்றி. பிளாக் நனைந்து நனைந்து மட்கினால் சேர்த்துவைத்த கரி மெல்லக் காற்றுக்குப் போய்விடும், சுவரும் போகும். தரையிலிருந்தே இதை அடுக்கக் கூடாது. பேஸ்மட்டம் கல்லிலோ கான்கிரீட்டிலோ இருக்கட்டும், அதன் மேல் ஈரத்தடுப்புப் படலம், அதற்குப் பிறகே இது. கரையானுக்கும் தனியாகத் தடுப்பு வேண்டும். ஐப்பசி மழையில் சாரல் அடிக்கிற பக்கம் கூரையை நன்றாக வெளியே இழுத்துவிடுங்கள். குளியலறைச் சுவருக்கு வழக்கமான செங்கலே போதும்.

பிறகு பூச்சு. கொத்தனார் பழக்கத்தில் கெட்டியான சிமெண்ட் பூச்சு போட்டுவிடுவார். அதில் விழும் மயிரிழை வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியேறாது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாகப் போகவிடும், மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து அதையும் அடைத்துவிடாமல் இருந்தால். பிளாக் முழுதாகக் காய்வதற்கு முன்பே பூசுகிற அவசரமும் கூடாது. வெளியே உலர்ந்து தெரிந்தாலும் நடுவில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள்.

டிவி, கீசர், கிச்சன் அலமாரி எங்கே வரும் என்று பூச்சுக்கு முன்பே குறித்து, அந்த இடங்களில் மரச் சட்டமோ கான்கிரீட் பட்டையோ வைத்துவிடுங்கள். வெறும் பிளாக்கில் துளைபோட்டு ஸ்க்ரூ முடுக்கினால் பிடிக்காது.