ஓரம் கோணிய குரோஷா சால்வை: என் அனுபவம்

வார நாட்களில் வேலை முடிந்து இரவு ஒரு மணி நேரம், ஞாயிறன்று நீண்ட நேரம் என்று குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) சால்வை ஒன்று பின்னி வந்தேன். ஓரம் நேராக வரவில்லை. ஓரிடத்தில் ஒடுங்கியது, ஓரிடத்தில் விரிந்தது.

வரிசைக் கடைசியில் தையல் விட்டுப்போகிறதோ என்று சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லா வரிசையிலும் சரியாக 120 தையல். நூல் உருண்டையை மாற்றினேன், பலனில்லை. இரண்டு முறை பிரித்துப் பின்னியதில் ஒரு வாரம் வீணானது.

கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஞாயிறு பின்னிய பகுதியில் 10 செ.மீ.க்கு 16 தையல். வார நாள் பகுதியில் 18. நாள் முழுக்கத் தட்டச்சு செய்த விரல்கள் நூலை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மொத்த அகலத்தில் இது 8 செ.மீ. வித்தியாசம்! எண்ணிக்கை சரியாக இருந்ததால்தான் கண்ணில் படவில்லை.

இப்போது வார நாள் இரவுகளில், தையல் தளர்வாக விழ, 5 மி.மீ. ஊசிக்குப் பதில் 5.5. உட்கார்ந்ததும் மிச்ச நூலில் இரண்டு வரிசை பின்னி, கை தளர்ந்த பிறகே சால்வையை எடுக்கிறேன். நேற்று அளந்தபோது 16 வந்தது, பெரிய நிம்மதி. இரண்டு ஊசியும் ஒரே பையில் கிடப்பதால் பெரியதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.