மாத்திரை அட்டையில் கை வைக்காதீர்கள்: விளையாட்டுப் பிள்ளைகளின் அப்பாக்களும் புது கோச்சுகளும் செய்யும் தவறுகள்

நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்குக் காலையில் போனால் ஓடுகிற பிள்ளைகளை விட, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நிற்கிற அப்பாக்களுக்குத்தான் அதிகம் வியர்க்கிறது. பக்கத்தில் புதிதாகக் கோச்சிங் ஆரம்பித்த தம்பிகள். நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். பிள்ளையை அடிக்காதே, அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்கிறார்கள், அதற்கு நான் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மனசுக்கு நோய் என்று வரும்போது செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மடி என்று முடிவு கட்டுவது

நம்ம ஊரில் பிராக்டிஸுக்கு வராத பையனுக்கு ஒரே நோய்தான்: மடி, அதாவது சோம்பேறித்தனம். மனச்சோர்வு வந்தவன் மூலையில் உட்கார்ந்து அழுவான் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த பையன்கள் அழுததில்லை, எரிந்து விழுந்தார்கள். ரெஃப்ரியோடு சண்டை, வாரம் ஒரு இடத்தில் வலி, ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது, நடுராத்திரி மூன்று மணிக்கு வாட்ஸ்அப்பில் ஆன்லைன், மரச்சீனியும் மீன்கறியும் தட்டில் அப்படியே கிடக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இப்படியே போய், ஆட்டத்தின் மேலேயே ஆசை விட்டுப்போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "அவனுக்கு என்ன சார் குறை வச்சேன், பூட்டே பன்னிரண்டாயிரம் ரூவா" என்றார் ஒரு அப்பா. பூட் நல்ல பூட்தான்.

மாத்திரையை நிறுத்துவது

இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிற விஷயம் இது.

தூத்தூர், வள்ளவிளை கடற்கரைப் பக்கம் கால்பந்து மேல் எவ்வளவு வெறி என்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் வரைக்கும் போன பிறகு அந்தக் கரையில் பல வீடுகளில் மகனை வைத்து ஒரு கணக்கு ஓடுகிறது. அப்படி ஒரு வீட்டுப் பையன், டிஃபென்டர், வெளிமாநிலக் கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். காண்ட்ராக்ட் முடிந்தது, அவர்கள் புதுப்பிக்கவில்லை. ஊருக்கு வந்தான், தூக்கம் போனது, பேச்சு போனது, கடற்கரைப் பக்கம் கூடப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். அம்மாதான் பிடிவாதம் பிடித்து மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். எழுதிக் கொடுத்தது எஸ்சிடலோபிராம், மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கிற மருந்துதான். இது காய்ச்சல் மாத்திரை மாதிரி போட்ட அன்றைக்கே கேட்காது, இரண்டு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். இவனுக்கும் ஒரு மாதம் கழித்துத்தான் முகம் தெளிந்தது. கிரவுண்டுக்கு வந்து கோல்கீப்பரைக் கிண்டலடிக்க ஆரம்பித்தான், சரி, தேறிவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து சென்னையில் ஒரு அரசுத் துறை அணிக்குத் தேர்வு வந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை என்றால் எங்கள் பக்கத்தில் அது ஆயுசுக்கும் சோறு. அப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். பையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, புதிதாகக் கோச்சிங் கொடுக்கிற தம்பி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் எதையும் விசாரிக்காமல், "இது டோப் டெஸ்ட்டுல மாட்டும் அண்ணே, உடம்பும் தளந்துபோகும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அட்டை குப்பைக்குப் போனது. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எஸ்சிடலோபிராமோ, அதே வகை மருந்துகளான செர்ட்ராலினோ, ஃப்ளூஆக்ஸெடினோ உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் கிடையாது. அந்தப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாக அமலுக்கு வருகிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கவனமாக இருக்க வேண்டியது வேறு சில மருந்துகளில். படபடப்புக்குக் கொடுக்கிற ப்ராப்ரனலால், துப்பாக்கி சுடுகிறவர்களுக்கும் வில்வித்தைக்காரர்களுக்கும் தடை. கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் எல்லோருக்கும் தடை, ஆனால் அதற்கும் மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. "நான் இன்ன விளையாட்டு ஆடுகிறேன், டோப் டெஸ்ட் உண்டு" என்று டாக்டரிடம் முதல் நாளே சொன்னால் அவர் பார்த்து எழுதுவார். கொடுமை என்னவென்றால், டாக்டர் எழுதிய மாத்திரையைத் தூக்கிப் போட்ட அதே அப்பா, யாரோ சொன்னார்கள் என்று ஊர் பேர் தெரியாத புரோட்டீன் டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். தடை செய்த சமாச்சாரம் கலந்திருந்து மாட்டுகிற ஆபத்து அங்கேதான்.

இந்த வகை மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் போகும்போது பையன் போன் பண்ணினான். "சார், தலையத் திருப்பினா மண்டைக்குள்ள கரண்டு அடிக்குது." அதுவும் மருந்து நின்றதால் வருவதுதான். மாத்திரை போட்டியா மக்கா என்று கேட்டேன், பதில் இல்லை, அப்பா பக்கத்தில் இருந்திருக்கிறார். மறுநாள் கிரவுண்டில் உயரமாக வந்த பந்து எதற்கும் அவனால் சரியாக எழும்ப முடியவில்லை, ஹாஃப் டைமுக்கு முன்பே கையைத் தூக்கி வெளியே வந்துவிட்டான். "நாலு பேரு முன்னால என்னை நாணம் கெடுத்திட்டியேலே" என்று அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினாராம். மறுபடி மருந்து ஆரம்பித்துத் தேறுவதற்குள் சீசன் முடிந்துவிட்டது, வேலையும் போனது.

குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் படிப்படியாகச் செய்கிற காரியம். ஆள் நன்றாகிவிட்டான் என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும், சீக்கிரம் விட்டால் நோய் திரும்ப வரும். லிகமென்ட் ஆபரேஷன் என்றால் ஒன்பது மாதம் வாய் திறக்காமல் காத்திருக்கிறவர்கள் இதற்கு ஒன்பது வாரம் பொறுப்பதில்லை. ஜெபத்துக்குப் போங்கள், கோயிலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரையும் வேளாவேளைக்கு உள்ளே போகட்டும்.

அகாசியின் அப்பாவை உதாரணம் காட்டுவது

டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் அப்பா பந்து எறிகிற மெஷினை மகன் முன்னால் நிறுத்தி அடிக்க வைத்தார், மகன் 8 கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தான் என்று ஒரு அப்பா எனக்கே பாடம் எடுத்தார். அந்த மகன் 2009-ல் வெளியிட்ட சுயசரிதையில் டென்னிஸை வெறுத்தேன் என்று எழுதியிருப்பதை அவர் படிக்கவில்லை போல. டென்னிஸ் வீராங்கனை யெலெனா டோகிச் 2000-ல் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார், உலகத் தரவரிசையில் 4 வரை போனார். அப்பாவிடம் வாங்கிய அடிகளைப் பின்னால் அவரே சொன்னார். உயிரை விடும் நிலைக்குப் போய் வந்ததை 2022-ல் வெளிப்படையாகப் பேசினார்.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்"

ஆகாது.

மூடி மறைப்பது

தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று மார்த்தாண்டத்தை விட்டுத் திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. போங்கள், தப்பில்லை, அடுத்த முறையும் போங்கள், அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே மனச்சோர்வை வெளியே சொல்லவே இல்லை. தெரிந்தால் தத்தெடுத்த மகளைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்ததாம். 2009 நவம்பரில் அவர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

கோச்சே வைத்தியம் பார்ப்பது

வேண்டாம் தம்பி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்குப் போன் பண்ணினால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை, இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன செய்ய" என்று ஒரு பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

"எப்ப கிரவுண்டுக்கு வருவான்?"

டாக்டரைக் கேளுங்கள், என்னை அல்ல. காலையில் மயக்கமாக இருக்கிறது என்றால் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள், வீட்டில் உட்கார்ந்து நீங்களாக மாற்றாதீர்கள். டாக்டர் சரி என்றால் அதுவரை பையன் சாயங்கால செஷனுக்கு வரட்டும். அப்பா வாசலிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.