'சோல் சர்ச்சிங்' என்று எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது

ஒரு பள்ளியோ சங்கமோ கட்சியோ தன் தவற்றைத் தானே கூடி எண்ணிப் பார்ப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'சோல் சர்ச்சிங்' என்ற தொடர் வழங்குகிறது. ஆண்டறிக்கை, பத்திரிகைக் குறிப்பு, மேலிடத்துக்குக் கடிதம் என்று ஆங்கிலத்தில் எழுதும் பொறுப்பு பாளையங்கோட்டைப் பக்கத்தில் பலர் தலையில் விழுகிறது; அவர்கள் கையில் இத்தொடர் படும்பாடு கொஞ்சமல்ல.

எழுதுமுன், பேசப்படும் விஷயம் மனசாட்சியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சந்தா குறைந்துபோனது என்றால் அதற்கு 'ரிவ்யூ' என்ற சொல்லே போதும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், அதே பள்ளியில் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்களே, அதுபோன்ற ஒன்றை ஒட்டி ஆசிரியர்களும் பெற்றோரும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்குத்தான் இத்தொடரின் கனம் பொருந்தும். அந்நிகழ்வுக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆனால் அந்தக் குழுவின் பணியை 'சோல் சர்ச்சிங்' என்று எழுதிவிடக் கூடாது. வெளியிலிருந்து வந்து ஆராய்வது 'இன்குவைரி'. கயிற்றின் நிறம் எந்தச் சாதியைக் காட்டுகிறது என்று தெரிந்திருந்தும் வகுப்பில் ஏன் வாய் திறக்காமல் இருந்தோம் என்று ஆசிரியர்கள் தாங்களே கேட்டுக்கொள்வதுதான் 'சோல் சர்ச்சிங்'.

யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது அடுத்தது. 'வீ' என்று தொடங்கினால் பணிவு. 'யூ' என்றோ 'தி டிபார்ட்மென்ட்' என்றோ தொடங்கினால் அது குற்றச்சாட்டு. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி அதிகாரிக்கு மனு எழுதுகிறவர், உங்கள் துறை 'சோல் சர்ச்சிங்' செய்ய வேண்டும் என்று முடித்தால், உமக்கு மனசாட்சி இருக்கிறதா என்று முகத்துக்கு நேரே கேட்டதற்குச் சமம். கேட்கத்தான் வேண்டும் என்றால் தெரிந்தே கேட்கலாம்; காரியம் நடக்க வேண்டும் என்றால் தவிர்ப்பது நல்லது.

இலக்கணம் எளிது. இது எண்ணிச் சொல்லும் பெயர் அன்று. ஆகவே முன்னால் 'எ' சேர்ப்பதும் பின்னால் 'ஸ்' சேர்ப்பதும் பிழை. 'சம்', 'மச்', 'எ லாட் ஆஃப்', 'எ பீரியட் ஆஃப்' என்பவை முன்னால் வரலாம். வினை 'டூ'; 'மேக்' பொருந்தாது. குழுவைச் சுட்ட 'அமங்' அல்லது 'வித்தின்', விஷயத்தைச் சுட்ட 'அபவுட்' அல்லது 'ஓவர்' வரும். இரு சொற்களுக்கும் நடுவே சிறுகோடு இடுவது வழக்கம்.

இதற்கு மாற்று என்று நினைத்து 'நேவல் கேஸிங்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இது வசவு. உலகத்தை மறந்து தன் தொப்புளையே பார்த்துக்கொண்டிருத்தல் என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டிலேயே, தலைகுனிந்து ஜெபித்த, கிரேக்க நாட்டு ஆத்தோஸ் மலைக் கிறிஸ்தவத் துறவிகளைத் தொப்புளில் ஆன்மாவை வைத்திருப்பவர்கள் என்று கிரேக்க மொழியில் ஏளனம் செய்திருக்கிறார்கள். நிர்வாகக் குழு இரண்டு நாள் 'நேவல் கேஸிங்' நடத்தியது என்று ஆண்டறிக்கையில் அச்சேறினால், செயலாளர் தம் குழுவையே கேலி செய்ததாகிவிடும்.

தீர்மானப் புத்தகம் தமிழில் எழுதப்படுமானால் 'சுயபரிசோதனை' என்றே எழுதலாம். 'ஆன்மத் தேடல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், சங்கம் முழுவதும் துறவறத்துக்குக் கிளம்பிவிட்டது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.