கருப்பைப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்பையையே எடுத்தாகிவிட்டது, இனி எதற்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்று நினைத்து நாளைக் கடத்துவதுதான் நான் பார்க்கும் முதல் தவறு. கருப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய் இடுப்புப் பகுதியில் திரும்ப வந்தால், பெரும்பாலும் பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையில், அதாவது தையல் போட்ட இடத்தில்தான் வரும். கதிர்வீச்சு முக்கியமாக அதைத் தடுக்கத்தான். புண் ஆற வேண்டும் என்பதால் சில வாரங்கள் காத்திருப்பது சரி, அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் இந்த ஒப்பீடு. "அவங்களுக்கு 25 நாள் வைத்தார்கள், எனக்கு 3 தடவைதானா?" குறைவாக வைத்தால் அரைகுறை வைத்தியம் என்று அர்த்தமில்லை. அந்த 25 நாள் என்பது உடம்புக்கு வெளியிலிருந்து வைப்பது. பாதைக்குள் சிறு குழாயை வைத்து உள்ளிருந்தே கொடுக்கும் கதிர்வீச்சுக்குச் சில தடவைகளே போதும். ஓரளவு ஆபத்து கூடுதலான ஆரம்ப நிலைப் பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட போர்டெக்-2 ஆய்வு 2010-ல் வெளியானது. தையல் போட்ட அந்த மேல்முனையில் நோய் திரும்பாமல் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளிருந்து கொடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்குத் தொல்லை குறைவு என்று அதில் தெரிந்தது. சிலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது. கட்டி தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்த வகைச் செல், நிணநீர்க் கணுக்களில் இருக்கிறதா என்று பயாப்சி ரிப்போர்ட் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

வெளியிலிருந்து வைக்கும்போது சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொன்னால், தினமும் அதே அளவு தண்ணீரை அதே நேரத்துக்குக் குடியுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிடும், காலியாக இருந்தால் குடல் கீழே இறங்கிக் கதிர் படும் இடத்துக்கு வந்துவிடும். வயிற்றுப்போக்கோ நீர்க்கடுப்போ வந்தால் நீங்களாகவே நாலு நாள் லீவு போட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

வெட்கத்தால் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம், அதைத் தடுக்க டைலேட்டர் என்ற சிறு குழல் கொடுப்பார்கள். எப்போது தொடங்குவது, வாரம் எத்தனை தடவை என்று கேட்டுச் செய்யுங்கள். கணவர் இல்லை, எனக்கு எதற்கு என்று அதைப் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். உறவுக்காக மட்டுமல்ல அம்மா, பாதை ஒட்டிப்போனால் டாக்டர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவே முடியாது, நோய் திரும்பினாலும் தெரியாமல் போகலாம். கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

பேரக்குழந்தையைத் தூக்கப் பயப்பட வேண்டாம். வெளிக்கதிர் உடம்பில் தங்காது, உள்ளே வைக்கும் கதிர் தரும் பொருளையும் பொதுவாக அன்றே எடுத்துவிடுவார்கள். ஆனால் எல்லாம் முடிந்து மாதங்கள் கழித்து ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் சரி, அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள்.